மலையிலேயே பணக்கார அணி

இப்போதெல்லாம் மனிதர்கள் பார்த்துக்கொண்டால் சாப்பிட்டாயா, உடம்பு தேவலையா என்று கேட்பதில்லை. மாசம் என்ன நிற்கிறது என்று கேட்கிறார்கள். என் டீக்கடைக்கு வருகிறவனும் அதைத்தான் கேட்கிறான். டீ எப்படி இருக்கிறது என்பதை நாக்கைக் கேட்க வேண்டியவன், என் கல்லாப்பெட்டியை எட்டிப் பார்க்கிறான். பெட்டி நிறைந்திருந்தால், “பாய் டீ மாதிரி வராது” என்கிறான். மழை நாளில் கூட்டம் இல்லாவிட்டால், அதே பால், அதே தூள், அதே டீயைக் குடித்துவிட்டு மூஞ்சியைச் சுளிக்கிறான். இந்தப் புத்தி என் கடையோடு நின்றிருந்தால் நான் வாயைத் திறந்திருக்க மாட்டேன். எதிரே இருக்கிற மைதானத்துக்குள்ளும் போய் உட்கார்ந்துகொண்டது. அதனால்தான் சொல்கிறேன்.

என் பெயர் பஷீர் அகமது. வெள்ளக்கடையில் கால்பந்து மைதானத்தை ஒட்டி எனக்குக் கடை. நான் பந்தை உதைத்ததில்லை. படிப்பும் மூன்றாம் வகுப்போடு சரி. ஆனால் எந்தப் பையன் ஆடுகிறான், எவன் ஆடுகிற மாதிரி ஓடுகிறான் என்று பார்த்தால் தெரியும். காளியப்பன் மகன் மாதேஷ் ஆடுகிறவன், எங்கள் ஊர் அணிக்குக் கேப்டன். எஸ்டேட்டில் காப்பிப் பழம் பறிக்கிற வேலை. சாயங்காலம் மைதானத்துக்கு வந்தால் வேறு ஆள்.

அவனுக்கு இந்த வருடம் ஒரு வழி திறந்திருந்தது. மலையிலிருந்து ஒரே ஒரு அணி சேலத்துக்குப் போகும். அங்கே நடக்கும் போட்டியைப் பார்க்க வெளியூர் ஆட்கள் வருவார்கள். நன்றாக ஆடுகிறவனுக்கு விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை கிடைக்கும். வயது வரம்பு மாதேஷுக்கு இந்த வருடத்தோடு முடிகிறது. அதாவது இந்தத் தடவை சேலம் போனால் உண்டு. இல்லாவிட்டால் காப்பிச் செடியும், எஸ்டேட்டில் ஆள் கணக்கு எழுதுகிற ரைட்டரின் ஏச்சும்தான் காலம் முழுக்க.

“எல்லா மேட்ச்சும் ஜெயிச்சா நாமதான் பாயி போவோம்” என்றான் மாதேஷ்.

எனக்கும் அப்படித்தான் பட்டது. ஜெயித்தவன் போவான், தோற்றவன் ஊட்டுக்குப் போவான். இதில் யோசிக்க என்ன இருக்கிறது?

யோசிக்க ஒரு மன்றம் இருந்தது. சேர்வராயன் மலைக் கால்பந்து மேம்பாட்டு மன்றம் என்று பெயர். அதற்குத் தலைவர் ஞானசேகர பூபதி. ஏரிக்குப் பக்கத்தில் நீலமேகம் ரிசார்ட் வைத்திருப்பவர். அவருக்கு ஒரு அணியும் உண்டு, நீலமேகம் ராயல்ஸ். அந்தப் பையன்களின் சட்டை அத்தனை அழகாக இருக்கும். ஆட்டத்தைப் பற்றிச் சொல்ல வேறு ஒன்றும் இல்லை.

ஒவ்வொரு கிளப்பும் ஒரு வருவாய்ப் பிரதிநிதியை அனுப்ப வேண்டும் என்று மன்றம் சொல்லி அனுப்பியது. எங்கள் அணியில் எல்லாரும் கூலிக்குப் போகிறவர்கள். மாதேஷ் என்னிடம் வந்து நின்றான்.

“நீங்க போங்க பாயி. நம்மகிட்ட கல்லாப்பெட்டி வெச்சிருக்கறது நீங்க ஒருத்தர்தான்.”

“எனக்குப் பந்தப் பத்தி என்னடா தெரியும்?”

“அதப் பத்தி அங்க யாரும் பேச மாட்டாங்களாமா.”

அவன் விளையாட்டுக்குச் சொன்னான். அது உண்மையாக இருந்தது.

ரிசார்ட் ஹாலில் கூட்டம். குளிருக்கு நடுங்கிக்கொண்டே போனால் உள்ளே ஏசி போட்டிருந்தார்கள். சுதாராணி என்று ஒரு அம்மா திரைக்குப் பக்கத்தில் நின்றார். மன்றத்தின் தலைமை வருவாய் ஆலோசகர். திரையில் உலகத்திலேயே பணக்காரக் கால்பந்துக் கிளப்புகளின் வரிசை.

“முதலிடம் ரியல் மாட்ரிட்” என்றார். “ஒரு வருஷ வருவாய் நூறு கோடி யூரோவுக்கு மேல. நம்ம பணத்துல பத்தாயிரம் கோடியத் தாண்டுதுங்க. அடுத்து பார்சிலோனா, அதுக்கடுத்து பயர்ன் மியூனிக், பாரிஸ், லிவர்பூல்...”

ஹாலில் எல்லாரும் வாயைப் பிளந்தார்கள். தங்கள் சொந்தக்காரனுக்கு வந்த பணம் மாதிரி.

நான் கையைத் தூக்கினேன். “ஏனுங்கம்மா, அப்ப அந்த வருஷம் கோப்பையும் அவுங்களுக்குத்தானுங்களா?”

“இல்லீங்க பாய். அவுங்க நாட்டு லீக்கை பார்சிலோனா ஜெயிச்சுது. ஐரோப்பாக் கோப்பை பாரிஸுக்குப் போச்சு.” சுதாராணி சிரித்தார். “அதுதானுங்க அழகு. கோப்பைய ஒருத்தர்தான் தூக்க முடியும். வருவாய் வரிசையில இருபது பேருக்கு இடம் இருக்குது. எத்தனை பேருக்குச் சந்தோஷம் பாருங்க.”

“வரவு சொன்னீங்க. செலவு, கடனெல்லாம்?”

“அது ஒவ்வொரு ஊட்டு அந்தரங்கம் பாய். நாம அதுக்குள்ள போறது நாகரிகமில்லீங்க.”

பிறகு தலைவர் பூபதி எழுந்தார். கைக்குட்டையால் மைக்கைத் துடைத்துவிட்டுப் பேசினார்.

“இத்தனை வருஷம் நாம கோல எண்ணிட்டு இருந்தோம். கோலை யாரு வேணாலும் போடலாம். கூலிக்காரன் போடலாம், செருப்பில்லாதவன் போடலாம். அதை அளவுகோலா வெச்சா இந்த மலைக்கு என்ன மரியாதை? உலகம் எதை எண்ணுதோ அதை நாமளும் எண்ணுவோம். இந்த வருஷம் சேலத்துக்குப் போறது, வருவாய் வரிசையில முதல்ல நிக்கற கிளப்.”

கைதட்டினார்கள். எதற்கென்று தெரியாமல் நானும் இரண்டு தட்டு தட்டிவிட்டேன். அந்தக் கோபம் இன்னும் என் மேல் எனக்கு இருக்கிறது.

மைதானங்களின் வருவாயை அளக்க சுதாராணி அடுத்த வாரமே ஜீப்பில் வந்து இறங்கினார். பெரிய கிளப்புகளுக்கு மூன்று வழியில் பணம் வருமாம். ஆட்ட நாளில் டிக்கெட், டிவியில் காட்டுவது, அப்புறம் வியாபாரம். மூன்றையும் எங்கள் மைதானத்தில் தேடினார்.

எங்கள் ஊரில் ஆட்டம் பார்க்கிறவர்கள் ஓரத்துப் பாறைகளில் உட்காருவார்கள். பாறைகளுக்கு நம்பர் ஒட்டினார்கள். நன்றாகத் தெரிகிற பாறை கோல்டு. மாதேஷின் அப்பன் காளியப்பன் அதில்தான் பிறந்ததிலிருந்து உட்காருகிறான். அவனை எழுப்பி, பின்னால் ஒரு பாறைக்கு அனுப்பினார்கள். அங்கிருந்து முன்னால் இருப்பவனின் முதுகு மட்டும் தெரியும்.

“எம் பையன் ஆடறதத் தானுங்க பாக்க வந்தேன்” என்றான் காளியப்பன்.

“பாக்கறது உங்க உரிமைங்க. தெரியறதுக்குத்தான் கட்டணம்” என்றார் சுதாராணி.

மைதானத்துக்கு மேலே காப்பிச் சரிவு. அங்கே பழம் பறிக்கிற பெண்கள் கூடையை இடுப்பில் கட்டிக்கொண்டே ஆட்டம் பார்ப்பார்கள். அவர்களில் சின்னத்தாயிக்குத் தொண்டை பெரிது. கோல் விழுந்தால் அவள் கத்துவது அடுத்த சரிவுக்குக் கேட்கும். அங்கே இருப்பவள் அதற்கடுத்த சரிவுக்குக் கத்துவாள். கிளியூர்க்காரனுக்கு இப்படித்தான் முடிவு தெரியும்.

சுதாராணி அண்ணாந்து பார்த்துச் சொன்னார். “அம்மா, நீங்க செய்யறது அனுமதியில்லாத ஒலிபரப்புங்க.”

“என்னது?”

“கத்தறதுக்கு உரிமம் வாங்கணும்.”

“ஏம்மா, நாங் கத்தறதுக்கு எம் புருஷனே இன்னிக்கு வரைக்கும் ஒண்ணும் சொன்னதில்ல, நீ யாரு?” என்றாள் சின்னத்தாயி. மேலே இருந்த பெண்கள் எல்லாரும் சிரித்தார்கள். சுதாராணி அதையும் ஒலிபரப்பில் சேர்த்துக்கொண்டார்.

இரண்டு வழியிலும் ஒன்றும் தேறவில்லை. மூன்றாவது வழியில்தான் என் டீ மாட்டியது.

எங்கள் மைதானத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஆட்டம் முடிந்ததும் ஜெயித்த அணி தோற்ற அணிக்கு டீயும் பன்னும் வாங்கித் தர வேண்டும். தோற்றவன் வயிற்றெரிச்சலோடு மலையில் நடந்து ஊட்டுக்குப் போகக் கூடாது, அதற்காக. கடைசி ஆட்டம் என்றால் டீ போதாது. ஜெயித்தவர்கள் காசு போட்டுத் தோற்றவர்களுக்கு பிரியாணி போடுவார்கள். ஆக்குவது என் வீட்டுக்காரி ஜரீனா.

சுதாராணி கடையில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டே கேட்டார். “அப்ப ஒரு கிளப் இன்னொரு கிளப்புக்கு மதிப்புள்ள ஒண்ணைத் தருதுங்களா?”

“டீ தருதுங்கம்மா.”

“வாங்கற கிளப்புக்கு அது வருவாய்.”

“குடுத்தவனுக்கு?”

“அது செலவு. செலவு நம்ம கணக்குல வராதுன்னு அன்னிக்கே சொன்னேனுங்களே.”

எனக்கு முதலில் விளங்கவில்லை. வரிசையை வெளியிட்டபோது விளங்கியது. எங்கள் அணி எல்லா ஆட்டத்தையும் ஜெயித்திருந்தது. ஒரு டீ கூட யாரும் எங்களுக்கு வாங்கித் தரவில்லை. வருவாய் பூஜ்யம். கடைசி இடம். நீலமேகம் ராயல்ஸ் எல்லா ஆட்டத்தையும் தோற்றிருந்தது. எல்லா ஊரிலும் டீ, பன். டீ வேண்டாம் என்று இவர்கள் சொன்ன ஒரு ஊரில் அதற்குப் பதில் முறுக்கு. மலையிலேயே பணக்கார அணி அதுதான்.

பூபதி ஏரிக்கரையில் பெரிய பேனர் வைத்தார். ‘வருவாயில் முதலிடம்’ என்று. படத்தில் அந்தப் பையன்கள் என் பன்னைக் கடித்துக்கொண்டிருந்தார்கள்.

நான் மன்றத்துக்குப் போய்ச் சண்டை போட்டேன். ஜெயித்தவனைக் கடைசியில் வைக்கிறீர்களே, வெட்கமாக இல்லையா என்று கேட்டேன். பூபதி என் தோளில் கை போட்டார். எனக்குத் தோளில் கை போடுகிறவர்களைப் பிடிக்காது.

“பாய், உங்க ஆளுங்க நல்லா ஆடறாங்க. யாரு இல்லீன்னா? ஆனா அவுங்க ஆட்டத்துல வளர்ச்சி இல்ல. மொதல் ஆட்டமும் ஜெயிச்சாங்க, கடைசி ஆட்டமும் ஜெயிச்சாங்க. அதே எடத்துல நிக்கறாங்க. எங்க பசங்களப் பாருங்க. ஒவ்வொரு வாரமும் ஒரு டீ ஏறுது.”

“அப்ப எல்லாரும் தோக்கணுங்களா?”

“போட்டி மனப்பான்மை இருந்தா எதுவும் முடியுங்க பாய்.”

என்றாலும் பெரிய மனது பண்ணி ஒரு சலுகை தந்தார். பாரம்பரியத்தை மதித்து இறுதி ஆட்டம் நடக்கும். வருவாயில் முதல் அணியான ராயல்ஸ் ஒரு பக்கம். அதிகம் ஜெயித்த அணி என்பதால் நாங்கள் இன்னொரு பக்கம். வெளியே வந்ததும் சுதாராணி என்னைத் தனியாகக் கூப்பிட்டார். அந்த அம்மாவுக்கு மனது கொஞ்சம் உறுத்தியிருக்க வேண்டும்.

“பாய், இறுதி ஆட்டத்து பிரியாணி, அவுங்க வாங்கின அத்தனை டீயையும் விட மதிப்பு அதிகம். அது யாருக்குக் கிடைக்குதோ அவுங்கதான் முதலிடம். உங்க பையனுங்க தோத்துட்டா சேலம் உங்களுக்குத்தான். நான் சொன்னதா சொல்லிராதீங்க.”

இதை மாதேஷிடம் எப்படிச் சொல்வது? கடையில் டம்ளர் கழுவிக்கொண்டே சொன்னேன். முகத்தைப் பார்க்காமல்.

அவன் கழுவிய டம்ளர் ஒன்றை எடுத்துக் கவிழ்த்து வைத்தான். “தோத்தா வேல கெடைக்குமாமா பாயி?”

“தோத்தா சேலம். அங்க நீ ஆடிக் காட்டினா வேல.”

“அங்கயாச்சும் ஜெயிக்கலாமாமா? இல்ல அங்கயும் டீ எண்ணுவாங்களா?”

“ஒரே ஒரு ஆட்டம், சாமி. கண்ண மூடிக்கிட்டுத் தோத்துரு” என்றேன். இத்தனை வயதில் ஒரு பையனிடம் இப்படிச் சொல்ல வைத்தார்களே என்று டம்ளரைப் போட்டு உடைத்தேன்.

இறுதி ஆட்டத்தன்று பாறைகள் நிறைந்திருந்தன. கோல்டு பாறையில் பூபதி மெத்தை போட்டு உட்கார்ந்திருந்தார். விசில் ஊதினார்கள். பந்து நடுவில் கிடந்தது.

யாரும் தொடவில்லை.

ராயல்ஸ் பையன்களுக்கும் பிரியாணிக் கணக்கு தெரியும். அவர்கள் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். எங்கள் பையன்கள் அவர்களுக்கு வழிவிட்டு ஒதுங்கி நின்றார்கள். எங்கள் கோல்கீப்பர் கோலை விட்டு வெளியே வந்து வெயில் காய்ந்தான்.

மேலே சரிவிலிருந்து சின்னத்தாயி கத்தினாள். “ஏன்டா மசமசன்னு நிக்கறீங்க? பந்து அடகாக்குதா?”

கடைசியில் ராயல்ஸ் கேப்டன் பந்தை எடுத்துக்கொண்டு தன் கோலைப் பார்த்தே ஓடினான். தடுக்க ஆள் இல்லை. அவர்கள் கோல்கீப்பரும் ஒதுங்கிக்கொண்டான். பலமாக உதைத்தான். பந்து கோலுக்குப் பத்தடி தள்ளிப் புதருக்குள் போய் விழுந்தது. அவர்களால் தோற்கக்கூட முடியவில்லை. மறுபடி முயன்றார்கள். கம்பத்தில் பட்டுத் திரும்பியது. பூபதி எழுந்து நின்று, “கவனம், கவனம்! சொந்தக் கோல்ல கவனம்!” என்று கத்தினார். பேன்ட் போட்ட மனிதன் அப்படிக் கத்தி நான் பார்த்ததில்லை.

அப்போது பந்து மாதேஷ் காலுக்கு வந்தது. அவன் எங்கள் கோலைப் பார்த்துத் திரும்பினான். மெதுவாகப் போனான். கோட்டுக்கு அருகில் பந்தை நிறுத்தினான். ஒரு தட்டு தட்டினால் போதும். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

சத்தம் வரவில்லை. திறந்து பார்த்தேன். அவன் அப்படியே நின்றான். காலைத் தூக்கினான், வைத்தான். பின்னால் இருந்த பாறையில் காளியப்பன் எழுந்து, முன்னால் இருப்பவனைத் தள்ளிவிட்டு, கழுத்தை நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். மாதேஷ் அவனைப் பார்த்தானா இல்லையா என்று எனக்குத் தெரியாது. சட்டென்று திரும்பினான். பந்தோடு மைதானத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு ஓடினான். ராயல்ஸ் பையன்கள் வழிவிட்டார்கள் என்று சொல்ல முடியாது. சிலர் பயத்தில் எந்தப் பக்கம் ஒதுங்குவதென்று தெரியாமல் குறுக்கே வந்தார்கள். அவர்களையும் தாண்டிப் போய் அடித்தான். வலை கிழிந்துவிடும் போல இருந்தது.

சின்னத்தாயி கத்தியது அன்று சேலத்துக்கே கேட்டிருக்கும்.

அப்புறம் யாராலும் நிறுத்த முடியவில்லை. மற்ற பையன்களுக்கும் ரத்தம் சூடேறிவிட்டது. நாலு கோல். ஆட்டம் முடிந்து மாதேஷ் கடைக்கு வந்தான். சட்டையைப் பிழிந்தால் தண்ணீர் கொட்டும்.

“என்னடா பண்ணிட்டே?”

“மன்னிச்சுக்குங்க பாயி. மனசு சரின்னுச்சு. கால் கேக்கல.”

வீட்டில் ஜரீனா அரிசியைக் களைந்து வைத்திருந்தாள். விஷயம் கேட்டதும் கரண்டியை வீசி எறிந்தாள். “என் பிரியாணிய அந்த ஆளு வருமானம்னு எழுதிக்குவானா? அடுப்பையே பத்த வெக்க மாட்டேன். பட்டினியா போகட்டும்.”

எனக்கும் அதுதான் சரி என்று பட்டது. மாதேஷ்தான் வாசலில் நின்று சொன்னான். “ஆக்குங்கம்மா. ஜெயிச்சவங்க போடறதுதான வழக்கம். அத விட்டுட்டா, அவுங்க சொல்ற மாதிரி அது வெறும் வருமானம்தான்னு ஆயிரும்.”

ஜரீனா அவனையே பார்த்தாள். பிறகு முந்தானையைச் செருகிக்கொண்டு அடுப்பை மூட்டினாள். ராயல்ஸ் பையன்கள் தலையைக் குனிந்துகொண்டு தின்றார்கள். ஒருத்தன் மட்டும், “நீங்கதானுங்ணா போகணும்” என்று மாதேஷிடம் சொன்னான். அது மன்றத்தின் கணக்கில் வரவில்லை. பிரியாணி வந்தது. ராயல்ஸ் முதலிடம்.

மறுநாள் ரிசார்ட் ஹாலில் பாராட்டு விழா. மாதேஷுக்கு ரைட்டர் இன்னொரு நாள் லீவு தரவில்லை. நான் போனேன். பாராட்ட இல்லை. கேட்க.

பூபதி பேசிக்கொண்டிருந்தார். “சிலர் சொல்றாங்க, ராயல்ஸ் ஒரு ஆட்டம் கூட ஜெயிக்கலேன்னு. ஜெயிச்சு என்னங்க கண்டோம்? ஜெயிச்சவங்க இன்னிக்குக் காப்பிப் பழம் பறிச்சிட்டு இருக்காங்க. நாம இங்க இருக்கோம். எது வெற்றி?”

நான் எழுந்தேன். “மாதேஷையாச்சும் உங்க டீமோட சேலம் கூட்டிட்டுப் போங்க. அவனுக்கு இந்த வருஷம் விட்டா வயசு முடிஞ்சுதுங்க.”

“தாராளமா பாய்! திறமைய மதிக்கற மன்றம் இது. அவரால என்ன வருவாய் வரும்?”

“நாலு கோல் போட்ட டீமோட கேப்டனுங்க.”

“கோல் இருக்கட்டும். விளம்பரதாரர் யாராச்சும்?”

“அவங்கப்பன் காளியப்பன் இருக்கான்.”

எல்லாரும் சிரித்தார்கள். பூபதியும் சிரித்தார். பிறகு கருணை பொங்கச் சொன்னார். “சரி, பஸ்ல ஒரு சீட்டு இருக்கு. பசங்க பையத் தூக்க ஆள் வேணும். வரச் சொல்லுங்க.”

நான் உட்காரவில்லை. “ஏனுங்க தலைவரே, அந்த நாலு கோலும் உங்க கணக்குல எங்க இருக்குது?”

“கோல் வருவாய்ல சேராதுங்க பாய்.”

“அப்ப எதுக்குங்க பந்த உதைக்கறாங்க?”

பூபதி சுதாராணியைப் பார்த்தார். சுதாராணி திரையைப் பார்த்தார். படங்களை முன்னும் பின்னும் தள்ளினார். ரியல் மாட்ரிட் வந்தது, பார்சிலோனா வந்தது, பன் கடிக்கிற பையன்கள் வந்தார்கள்.

“அதுக்கு ஸ்லைடு இல்லீங்க சார்” என்றார் மெதுவாக.

“நல்ல கேள்வி. அடுத்த வருஷம் ஒரு குழு போடுவோம்” என்றார் பூபதி. கைதட்டினார்கள். இந்தத் தடவை நான் கையை லுங்கிக்குள் வைத்துக்கொண்டேன்.

நான் வெளியே நடந்தேன். வாசலில் ஒரு பெண் ஒரு பெரிய செல்போன் மாதிரிப் பலகையை நீட்டினாள். “பாய், நிகழ்ச்சி எப்படி இருந்துச்சுன்னு ஒரு பட்டன் மட்டும் அழுத்திட்டுப் போங்க.”

பார்த்தேன். இரண்டு முகம். ஒன்று சிரித்தது. இன்னொன்று பல்லைக் காட்டிச் சிரித்தது.

“இது என்ன கண்ணு?”

“இது திருப்தி. இது நொம்பத் திருப்திங்க.”

“இல்லேங்கறதுக்கு எங்க அழுத்தணும்?”

“அது இன்னும் வெக்கலீங்க.”

நான் எதையும் அழுத்தவில்லை. உள்ளே மறுபடி கைதட்டினார்கள். பனி இறங்கிக்கொண்டிருந்தது. கீழே வெள்ளக்கடைக்கு நடந்தேன்.